மேட்ரிமோனி ஆப் காணாமல் போன நாளும் செஞ்சி மார்க்கெட் கமிட்டியும்

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. கூகுள் ப்ளே ஸ்டோரில் போய் "பாரத் மேட்ரிமோனி" என்று தேடியவர்களுக்கு அந்த ஆப் கிடைக்கவில்லை. சென்னையில் இருந்து நடக்கும் மேட்ரிமோனி.காம் கம்பெனியின் ஆப்களை கூகுள் தூக்கிவிட்டது. கூடவே ஷாதி, நௌக்ரி, 99ஏக்கர்ஸ், குக்கூ எஃப்எம் என்று வேறு சில இந்தியக் கம்பெனிகளின் ஆப்களும் போயின. காரணம், கட்டணத் தகராறு. ப்ளே ஸ்டோர் வழியாக வந்த வாடிக்கையாளர் ஆப்புக்குள் பணம் கட்டினால் அதில் ஒரு பங்கு கூகுளுக்குப் போக வேண்டும். இந்தக் கம்பெனிகள் தர மறுத்தன. கூகுள் கடையை மூடியது.

ஒரு வாரத்துக்குள் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தலையிட்டுப் பேசினார், ஆப்கள் திரும்பி வந்தன. "அப்பாடா, முடிஞ்சுது" என்று எல்லாரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். ஆனால் அங்கே கிளம்பிய கேள்வி அப்படியேதான் இருக்கிறது. பல வருஷமாகத் தொழில் நடத்தி, பங்குச் சந்தையில் பட்டியலாகி இருக்கும் ஒரு கம்பெனியின் கதவை இன்னொரு கம்பெனி ஒரே நாளில் சாத்த முடிகிறது. அமைச்சரிடம் போய்ச் சொல்ல அவர்களுக்காவது வழி இருந்தது. செஞ்சி கூட்டு ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இரண்டு பேர் ஆப் எழுதினால் அவர்களுக்காக எந்த அமைச்சர் பேசுவார்?

சண்டை எங்கே ஆரம்பித்தது?

மேட்ரிமோனிக்கும் கூகுளுக்கும் இது முதல் சண்டை இல்லை. "என் கம்பெனிப் பெயரைத் தேடுபவனுக்கு என் போட்டியாளரின் விளம்பரத்தைக் காட்டுகிறார்கள்" என்று கன்சிம் இன்ஃபோ என்ற பெயரில் இருந்தபோதே இவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2010-ல் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. பிறகு இந்தியப் போட்டி ஆணையத்தில் (சுருக்கமாக சிசிஐ) புகார் கொடுத்தார்கள். அது 2012-ம் வருஷத்து வழக்கு. தீர்ப்பு வெளியானது 2018 பிப்ரவரி 8. கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம்.

இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். மேட்ரிமோனி சொன்ன எல்லாவற்றையும் ஆணையம் ஒத்துக்கொள்ளவில்லை. விளம்பர விவகாரத்தில் கூகுள் மேல் தப்பு இல்லை என்றே சொன்னது. தப்பு என்று சொன்னது வேறு இடங்களில். உதாரணத்துக்கு, விமான டிக்கெட் தேடினால் கூகுளின் சொந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போகும் பெட்டி பளிச்சென்று காட்டப்பட்டது. ஆறு உறுப்பினர்களில் இரண்டு பேர் மாறுபட்ட தீர்ப்பும் எழுதினார்கள். அதாவது இது "அந்நியக் கம்பெனி ஒழிக" கோஷம் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இது சரி, இது தப்பு என்று பிரித்த வேலை.

அடுத்தது ஆண்ட்ராய்டு வழக்கு. இதைக் கொண்டுவந்தவர்கள் பெரிய கம்பெனிகள் இல்லை என்பதுதான் சுவாரஸ்யம். இரண்டு இளம் ஆராய்ச்சி உதவியாளர்களும் ஒரு சட்டக் கல்லூரி மாணவரும்! 2019-ல் விசாரணைக்கு உத்தரவு. 2022 அக்டோபர் 20-ம் தேதி 1,337.76 கோடி அபராதம். ஐந்து நாள் கழித்து, ப்ளே ஸ்டோர் கட்டண முறைக்காகத் தனியாக இன்னொரு 936.44 கோடி. முதல் அபராதத்தை 2023 மார்ச்சில் தேசியக் கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. ஆனால் பத்து உத்தரவுகளில் நான்கை நீக்கிவிட்டது. இரண்டாவது அபராதம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைந்தது. அதன் பிறகு விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

பெரியதாக இருப்பது குற்றமா?

இல்லை. பி.காம் படிப்பவர்களே பல பேர் இதில் குழம்புகிறார்கள்.

1969-ல் வந்த எம்ஆர்டிபி சட்டம் (ஏகபோக, கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகள் சட்டம்) "பெரியவன்" என்றாலே சந்தேகத்தோடு பார்த்தது. சொத்து ஒரு அளவுக்கு மேல் போனால் விரிவாக்கத்துக்கே அனுமதி வாங்க வேண்டும். 2002-ல் வந்த போட்டிச் சட்டம் அந்தப் பார்வையை மாற்றியது. அதன் 4-வது பிரிவு சொல்வது இதுதான்: ஆதிக்கம் இருப்பது குற்றம் இல்லை, ஆதிக்கத்தைத் தப்பாகப் பயன்படுத்துவதுதான் குற்றம். இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே 20.

டாலியை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு கம்பெனி, 1986-ல் ஆரம்பித்தது. செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை என்று எந்த ஊர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாலும் பி.காம் மாணவன் சேர்வது டாலி கோர்ஸில்தான். உரக்கடையில் இருந்து ஆடிட்டர் ஆபீஸ் வரை அதுதான் ஓடுகிறது. அதற்காக டாலி மேல் கேஸ் போட முடியுமா? முடியாது. நல்ல பொருள் செய்தான், ஜனங்கள் வாங்கினார்கள். அவ்வளவுதான். நாளைக்கே டாலி, "எங்கள் சாஃப்ட்வேர் இருக்கும் கம்ப்யூட்டரில் வேறு கணக்கு சாஃப்ட்வேர் போடக்கூடாது" என்று கம்ப்யூட்டர் கடைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டால் (ஒரு பேச்சுக்குத்தான்!) அப்போது கதை வேறு.

கூகுள் விஷயத்தில் ஆணையம் பிடித்ததும் இந்த மாதிரி ஒப்பந்தங்களைத்தான். போன் தயாரிப்பவருக்கு ப்ளே ஸ்டோர் வேண்டும், அது இல்லாமல் போன் விற்காது. ப்ளே ஸ்டோர் வேண்டுமானால் தேடல், க்ரோம், யூடியூப் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போட வேண்டும். ஆண்ட்ராய்டை மாற்றி எழுதி வேறு போனில் விற்கவும் கூடாது. ரேஷன் கடையில் அந்தக் காலத்தில் "சர்க்கரை வேணும்னா சோப்பும் வாங்கு" என்று சொன்ன மாதிரி.

மார்க்கெட் கமிட்டி சொல்லும் பாடம்

செஞ்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கலிஃபோர்னியா போக வேண்டாம். ஊரிலேயே ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. பேச்சு வழக்கில் மார்க்கெட் கமிட்டி.

அங்கே என்ன நடக்கிறது? விவசாயி நெல் மூட்டையைக் கொண்டு வந்து இறக்குகிறார். வியாபாரிகள் மாதிரியைப் பார்த்து மறைமுக ஏலத்தில் விலை எழுதுகிறார்கள். அதிக விலை எழுதியவருக்கு நெல். எடை கமிட்டியின் மேற்பார்வையில். விவசாயியிடம் தரகு, கமிஷன் எதுவும் கிடையாது. வாங்குகிற வியாபாரிதான் 1 சதவீதம் சந்தைக் கட்டணம் கட்டுகிறார்.

இது தானாக வந்த ஏற்பாடு இல்லை. தனியார் மண்டியில் இடமும் வியாபாரியுடையது, தராசும் வியாபாரியுடையது, கடனும் அவரிடமே வாங்கியது என்றால் விவசாயி எந்த விலைக்கு வாதாடுவார்? அதனால்தான் சென்னை மாகாணத்தில் 1933-ல் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. 1936-ல் திருப்பூரில் பருத்திக்காக முதல் ஒழுங்குமுறைச் சந்தை. இன்று இருப்பது 1987-ம் வருஷத்துச் சட்டம். இந்தச் சட்டங்களுக்கு அடியில் இருக்கும் யோசனை மிக எளிமையானது. சந்தையை நடத்துகிறவன் வேறு, சந்தையில் வியாபாரம் பண்ணுகிறவன் வேறு. கமிட்டி நெல் வாங்குவதில்லை.

இப்போது ப்ளே ஸ்டோரைப் பாருங்கள். சந்தையும் கூகுளுடையது. அதற்குள் கடை போட்டிருப்பதும் கூகுள்: யூடியூப், கூகுள் பே, இன்னும் பல. தராசும் (அதாவது தேடலில் யார் முதலில் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்கு) கூகுளுடையது. மற்ற ஆப்கள் மேல் போட்ட கட்டண முறையைத் தன் சொந்த யூடியூபுக்கு கூகுள் போடவில்லை என்று 2022 உத்தரவில் ஆணையம் சுட்டிக்காட்டியது.

கட்டணம் எவ்வளவு? மேட்ரிமோனி மாதிரி சந்தா வசூலிக்கும் ஆப்களுக்கு 2022-ல் இருந்து 15 சதவீதம். ஆப்புக்குள் டிஜிட்டல் பொருள் விற்பவர்களுக்கு வருஷத்துக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை 15, அதற்கு மேல் 30. ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு 2023-ல், "வேறு பேமென்ட் முறையும் வைத்துக்கொள், 4 சதவீதம் குறைத்துக்கொள்கிறேன்" என்றது கூகுள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,000 ரூபாய் சந்தா. கூகுள் வழியாக வாங்கினால் 150 ரூபாய் கமிஷன். வேறு வழியில் வாங்கினால் கூகுளுக்கு 110. அந்த வேறு வழிக்கு 2 சதவீதம் செலவு என்று வைத்துக்கொண்டால் 20 ரூபாய், மொத்தம் 130. மிச்சம் 20 ரூபாய். இதற்காக இன்னொரு முறையை உருவாக்கி, பராமரித்து, வாடிக்கையாளருக்கும் விளக்க வேண்டும். வாசலைத் திறந்துவிட்டு வாசற்படியை இடுப்பளவு கட்டி வைத்த மாதிரி :-)

நெல்லையும் ஆப்பையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ப்ளே ஸ்டோர் நடத்த கூகுளுக்குச் செலவு உண்டு. வைரஸ் பரிசோதனை, சர்வர், உலகம் முழுக்க விநியோகம். எல்லாம் நியாயம். கட்டணமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நியாயமான கட்டணம் எது என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் இன்னொரு சந்தை இருந்தால் தெரியும். அது இல்லாதபோது 15-ம் சரி, 30-ம் சரி. சொல்வதுதான் விலை.

"கேஸ் போட்டால் புதுமை செத்துவிடும்"

இது எப்போதும் வரும் வாதம். பெரிய கம்பெனிகளைத் தொந்தரவு செய்தால் ஆராய்ச்சிக்குப் பணம் இருக்காது, புதிய கண்டுபிடிப்பு வராது என்பார்கள். சரித்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1956-ல் அமெரிக்க அரசுக்கும் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசிக் கம்பெனிக்கும் ஒரு சமரசத் தீர்ப்பு. கம்பெனி தன் பழைய காப்புரிமைகளை மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும், தொலைபேசித் தொழிலைத் தாண்டி வேறு வியாபாரத்துக்குப் போகக் கூடாது. 1969-ல் அதே கம்பெனியின் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் பிறந்தது. அதைக் கம்பெனி வழக்கமான சரக்காக விற்க முடியவில்லை. அதனால் பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில் மூல நிரலோடு கொடுத்தார்கள். ஒரு தலைமுறை மாணவர்கள் அதைப் பிரித்துப் படித்தார்கள். அந்த வழியில் 1991-ல் லினக்ஸ் வந்தது. இன்று கூகுளின் ஆண்ட்ராய்டு ஓடுவதே லினக்ஸ் கருவின் மேல்தான்! ஏகபோகத் தடைச் சட்டத்தின் பேரப்பிள்ளைதான் இன்று அதே சட்டத்தின் முன் கைகட்டி நிற்கிறது.

அடுத்து ஐபிஎம். 1969 ஜனவரியில் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. அதுவரை கம்ப்யூட்டர் வாங்கினால் சாஃப்ட்வேர் சும்மா வரும். தனியாக விலை கிடையாது. சும்மா கிடைக்கும் பொருளை யாராவது தனியாகச் செய்து விற்க முடியுமா? அதே வருஷம் ஜூனில் ஐபிஎம் இரண்டையும் பிரித்துத் தனித்தனி விலை வைத்தது. வழக்கு பயமும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்வார்கள். சாஃப்ட்வேர் என்பது தனித் தொழிலாக நிமிர்ந்து நின்றது அதற்குப் பிறகு. வழக்கு என்ன ஆனது? 13 வருஷம் இழுத்து, 1982 ஜனவரியில் அரசே வாபஸ் வாங்கியது. தீர்ப்பே வராத வழக்கு. ஆனால் விளைவு மட்டும் வந்தது.

மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த மைக்ரோசாஃப்ட். விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைச் சேர்த்துக் கொடுத்து நெட்ஸ்கேப்பை நசுக்கியது என்று 1998 மே மாதம் வழக்கு. கம்பெனியை இரண்டாக உடைக்க 2000 ஜூனில் நீதிபதி உத்தரவு. 2001-ல் மேல்கோர்ட் அதை ரத்து செய்தது, ஆனால் ஏகபோகத்தைக் காப்பாற்றத் தப்பான வழியில் போனது உண்மை என்றது. கடைசியில் சமரசம். கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களைப் பழிவாங்கக் கூடாது, மற்ற சாஃப்ட்வேர்கள் விண்டோஸோடு பேசத் தேவையான விவரங்களைத் தர வேண்டும் என்று நிபந்தனைகள். அந்தக் கண்காணிப்பு 2011 மே வரை நீடித்தது.

வழக்கு ஆரம்பித்த அதே 1998-ல் ஒரு சின்னக் கம்பெனி பதிவானது. பெயர் கூகுள். விண்டோஸில் அந்தத் தேடுபொறியை வரவிடாமல் மைக்ரோசாஃப்ட் செய்திருக்க முடியாதா? முடிந்திருக்கும். கோர்ட் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் செய்யவில்லை என்று பலர் சொல்கிறார்கள். இதை நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் தன் பிறப்புக்கு உதவியிருக்கக்கூடிய சட்டத்தையே கூகுள் இன்று "புதுமைக்கு எதிரி" என்று பேசுவது வேடிக்கைதான்.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது

ஒரு பக்கமாகவே எழுதினால் அது கட்டுரை இல்லை, நோட்டீஸ். எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும்.

ஒன்று: ஆண்ட்ராய்டு இலவசமாக இருந்ததால்தான் சில ஆயிரம் ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் வந்தது. கிராமத்துப் பிள்ளையின் கைக்கு இன்டர்நெட் வந்தது அதனால்தான். இது உண்மை. ஆனால் அந்த இலவசம் தர்மம் இல்லை. தேடல் விளம்பரத்தில் வரும் பணம்தான் அதற்கு அடிப்படை. அந்தப் பணத்தைக் கட்டுவது யார்? விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர். அவர் அதைப் பொருள் விலையில் ஏற்றுவார். சுற்றிச் சுற்றி நம் தலையில்தான்.

இரண்டு: "பிடிக்காவிட்டால் வேறு தேடுபொறிக்கு மாறு. இரண்டு நிமிஷ வேலை." சரி, அவ்வளவு சுலபம் என்றால் ஆப்பிள் உள்ளிட்ட கம்பெனிகளுக்குத் தன்னை டிஃபால்ட்டாக வைக்கச் சொல்லி கூகுள் 2021-ம் வருஷம் மட்டும் 2,630 கோடி டாலர் ஏன் கொடுத்தது? இது அமெரிக்க வழக்கில் வெளிவந்த கணக்கு. நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட்டில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்தது என்று தீர்ப்பளித்த அதே வழக்கு. தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2011-ல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லேப்டாப் வாங்கிய அண்ணன்களையும் அக்காக்களையும் கேட்டுப் பாருங்கள், பாஸ் லினக்ஸை எத்தனை தடவை திறந்தார்கள் என்று. பழகிய பாதையை விட்டு ஜனங்கள் சுலபத்தில் இறங்க மாட்டார்கள். அதற்கு விலை உண்டு என்பது கம்பெனிகளுக்குத் தெரியும்.

மூன்று: "மேட்ரிமோனியும் பெரிய கம்பெனிதானே, கமிஷனை மிச்சம் பிடிக்க ஏழை வேஷம் போடுகிறது." இதிலும் உண்மை உண்டு. தோற்றவன், தோற்கப்போகிறவன், லாபம் குறைந்தவன் எல்லாரும் ஆணையத்தின் வாசலில் நிற்பார்கள். போட்டியாளரைக் காப்பாற்றுவது சட்டத்தின் வேலை இல்லை, போட்டியைக் காப்பாற்றுவதுதான் வேலை. அதனால்தான் புகார் கொடுத்தவர் யார் என்று பார்க்காமல் புகாரில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். 2018 தீர்ப்பு அதைத்தான் செய்தது.

எட்டு வருஷ முற்றுகை

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் குறை, தாமதம்.

செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690-ல் முற்றுகையிட்டது. சுல்ஃபிகர் கான் தலைமையில். கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷம்! அதற்குள் அவர்கள் பிடிக்க வந்த மராட்டிய அரசர் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். கைக்குக் கிடைத்தது வெறும் கோட்டை.

சாஃப்ட்வேர் வழக்குகளும் இப்படித்தான் போகின்றன. மைக்ரோசாஃப்ட் வழக்கு முடிந்தபோது நெட்ஸ்கேப் ஒரு சந்தைச் சக்தியாகவே இல்லை. மேட்ரிமோனி வழக்கில் புகாரில் இருந்து தீர்ப்புக்கு ஆறு வருஷம், அதற்குப் பிறகு மேல்முறையீடு. சின்னக் கம்பெனியின் ஆயுளே அதற்குள் முடிந்துவிடும். தொழில்நுட்பம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சட்டை மாற்றுகிறது. சட்டம் அப்போதுதான் முதல் சட்டைக்குத் துணி கிழிக்கிறது.

இரண்டாவது குறை, மருந்து. அபராதம் என்பது பெரிய கம்பெனிக்கு ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். லாப நட்டக் கணக்கில் ஒரு வரி. 1,337 கோடி என்பது நமக்கு மலை, அவர்களுக்கு மடு. உத்தரவு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். 2004-ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, மீடியா ப்ளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. மைக்ரோசாஃப்ட்டும் விற்றது. அதே விலைக்கு! அதே விலைக்கு ஒரு பொருள் குறைவாக யார் வாங்குவார்? யாரும் சீந்தவில்லை. உத்தரவு காகிதத்தில் ஜெயித்தது, கடையில் தோற்றது.

இந்தியாவிலும் அந்த ஆபத்து இருக்கிறது. ஆண்ட்ராய்டு தீர்ப்பில் இருந்து 2023-ல் நீக்கப்பட்ட நான்கு உத்தரவுகளில் ஒன்று, ப்ளே ஸ்டோருக்குள்ளேயே மற்ற ஆப் ஸ்டோர்களை அனுமதிக்க வேண்டும் என்பது. 2024 பிப்ரவரியில் போன்பே கம்பெனி இண்டஸ் ஆப் ஸ்டோர் என்று ஒன்றை ஆரம்பித்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வருகிறது, வேறு பேமென்ட் முறை வைத்தால் கமிஷன் இல்லை என்றது. நல்ல முயற்சி. ஆனால் அது ஜனங்களின் போனுக்குள் எப்படி நுழையும்? பெரிய வாசல் வழியாக வர முடியாது. போன் கம்பெனிகளோடு தனித்தனியாகப் பேசிப் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அந்த ஒரு உத்தரவு நின்றிருந்தால் அபராதத் தொகையை விடப் பெரிய விளைவு கிடைத்திருக்கும்.

வழி என்ன?

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டியதில்லை. யுபிஐ 2016 ஏப்ரலில் வந்தது. ஒரு பேங்க் ஆப்பில் இருந்து இன்னொரு பேங்க் கணக்குக்குப் பணம் போகிறது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பூக்கடை அக்காவிடம் இருக்கும் கியூஆர் அட்டை எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வாங்குகிறவர் தன் ஆப்பில் ஸ்கேன் பண்ணுகிறார். சாலை பொதுவானது, வண்டி அவரவருடையது.

அங்கேயும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. போன்பே, கூகுள் பே இரண்டுக்குமே பெரும்பங்கு போய்விட்டது. எந்த ஆப்பும் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020-ல் சொன்ன வரம்பைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் வரை கொண்டுபோனார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். நாளைக்கு ஒரு புது ஆப் வந்தால் முதல் நாளே எல்லாருக்கும் அதில் இருந்து பணம் அனுப்ப முடியும். கதவு மூடவில்லை.

இதையே மெசேஜ் அனுப்பும் ஆப்களோடு ஒப்பிடுங்கள். ஜோஹோவின் அரட்டை 2025 செப்டம்பரில் திடீரென்று பிரபலமானது. தமிழ்நாட்டுக் கம்பெனி, தமிழ்ப் பெயர், எல்லாரும் ஆசையாக இறக்கினார்கள். பிறகு? அத்தை வாட்ஸ்அப்பில், மாமா வாட்ஸ்அப்பில், காலேஜ் க்ரூப் வாட்ஸ்அப்பில். அரட்டையில் யாரோடு அரட்டை அடிப்பது? ஆப் நல்லதா கெட்டதா என்பதே கேள்வி இல்லை. ஏர்டெல்லில் இருந்து பிஎஸ்என்எல்லுக்குப் பேச முடியாது என்று இருந்தால் புதிதாக எந்த போன் கம்பெனியாவது பிழைத்திருக்குமா? ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு மெசேஜ் ஆப்களும் யுபிஐ மாதிரி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று சொன்னது இதனால்தான். அவர் கம்பெனிக்கு அதில் ஆதாயம் உண்டு. இருக்கட்டும். சொன்ன விஷயம் சரியா என்பதுதான் கேள்வி. சரிதான்.

2024 மார்ச்சில் மத்திய அரசின் குழு டிஜிட்டல் போட்டிச் சட்டத்துக்கு ஒரு வரைவைக் கொடுத்தது. தப்பு நடந்த பிறகு ஆறு வருஷம் விசாரிப்பதற்குப் பதிலாக, மிகப் பெரிய கம்பெனிகளுக்கு என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே விதி போட்டுவிடலாம் என்பது யோசனை. மார்க்கெட் கமிட்டியில் தராசு யாருடையது என்று முன்பே தீர்மானிப்பது போல. இதில் எச்சரிக்கையும் தேவை. வரம்பைத் தாழ்வாக வைத்தால் நாளை வளரப்போகும் இந்தியக் கம்பெனிகளும் பயந்து குள்ளமாகவே நின்றுவிடும். எம்ஆர்டிபி காலத்துத் தப்பு அது. விதிகள் கொஞ்சமாக, தெளிவாக இருந்தால் போதும்:

1. சந்தை நடத்துகிறவன் தன் கடைக்கு மட்டும் முன்வரிசை கொடுக்கக் கூடாது.
2. ஒன்று வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கு என்று கட்டாயப்படுத்தக் கூடாது.
3. வாடிக்கையாளர் தன் விவரங்களோடு வெளியே போக வழி இருக்க வேண்டும், வெளியே இருப்பவரோடு பேசவும் வழி இருக்க வேண்டும்.
4. கதவை மூடுவதற்கு முன் காரணம் சொல்ல வேண்டும், முறையிட ஒரு இடமும் சீக்கிரமான முடிவும் வேண்டும்.

நான்காவது விதி மேட்ரிமோனிக்காக இல்லை. அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். அது மாடி அறையில் ஆப் எழுதும் அந்த இரண்டு பேருக்காக.

போட்டிச் சட்டம் பி.காம் பாடத்தில் ஐந்து மார்க் கேள்வியாக வந்து போகிறது. "ஆதிக்க நிலை - சிறுகுறிப்பு வரைக." எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆண்ட்ராய்டு வழக்கைக் கொண்டுவந்த மூன்று பேரில் ஒருவர் நம் வயதில் படித்துக்கொண்டிருந்தவர். ஐந்து மார்க் பாடம்தானே என்று அவர் விட்டிருந்தால் அந்த 2022 உத்தரவே வந்திருக்காது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு தடவை 4-வது பிரிவை முழுசாகப் படித்துவிடுங்கள். இரண்டு பக்கம்தான்.